சுத்தமான கோப்பு

என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து டீத்தூள் டப்பா இருந்த இடத்தில் இருப்பதில்லை. திங்கட்கிழமை அடுப்புக்கு மேலே இருக்கும், செவ்வாய்க்கிழமை ஜன்னலோரம் போய்விடும். கேட்டால், "கண்ணு எதுக்கு இருக்கு, தேடு" என்பாள். என் மனைவி ஒன்றும் சொல்வதில்லை. நாத்தனார் விஷயத்தில் வாய் திறக்காத மனைவி அமைவது குதிரைக் கொம்பு, எனக்கு அமைந்திருக்கிறது. இன்று காலையும் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்காமல்தான் கிளம்பி வந்தேன். அதனால் இந்த டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் கூடுதல், ஆனாலும் குறை சொல்லவில்லை.

தலைவர் ஐயா, டாக்டர், குறிப்பெழுதும் அம்மா என்று நீங்கள் மூன்று பேர் விசாரிக்கிறீர்கள், நான் ஒருவன் பதில் சொல்கிறேன். மூன்று பேரை வைத்து ஒரு முடிவுக்கு வருவது என் தொழிலில் ஒப்புக்கொள்ளப்படாது. குறைந்தது முப்பது பேராவது வேண்டும். விளையாட்டுக்குச் சொன்னேன், அதை எழுத வேண்டாம், அம்மா.

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தேயிருக்கிறது. எண்பத்து மூன்றாம் எண் கொண்டவர் ஒரு தையல்காரர். எங்கள் உளவியல் துறை நடத்திய ஆய்வில் கலந்துகொண்டார். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, எங்கள் துறையிலிருந்து அவருக்கு ஒரு போன் போயிருக்க வேண்டும். போகவில்லை. என்னால்தான் போகவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்பது ஒன்றுதான் இன்று இந்த அறையில் முடிவாக வேண்டியது. தெரியாமல் என்றால் ஒரு கண்டிப்புக் கடிதம், தெரிந்து என்றால் போலீஸ். தலைவர் ஐயா அதைத் தொடக்கத்திலேயே பட்டென்று சொல்லிவிட்டார், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

துறையில் எனக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை, முதுகுக்குப் பின்னால் கூப்பிடாத ஆளும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அங்கே வருகிற தகவல்களைச் சலித்துச் சுத்தம் செய்து, கணக்குப் போட்டு, வரைபடமாக்கித் தருவது என் வேலை. ஊசியைப் பார்த்துச் சல்லடை, உனக்கு ஓட்டை இருக்கிறது என்று சொன்னதாம். அந்தப் பழமொழியை என் மேசையில் யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் கிழிக்கவில்லை. கிழித்தால் வேறு ஏதாவது எழுதுவார்கள்.

சுத்தம் செய்வது என்றால் ஏதோ மறைக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். வயது என்ற இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதுவார்கள். ஒருவர் நாற்பது கேள்விக்கும் நடுவில் இருந்த பதிலையே போட்டிருந்தார். கேட்டதற்கு, நடுவில் நிற்பதுதான் மரியாதை என்று நினைத்தாராம். இன்னொரு பெண்மணியின் பதில்களில் பாதியை அவருடைய பூனை நடந்தே நிரப்பியிருந்தது. அந்தப் பூனை அவரைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகக் கணக்கு வந்தது. இவற்றையெல்லாம் அப்படியே கூட்டினால் கிடைப்பது அறிவியல் அல்ல, குப்பை. அரிசியில் கல் பொறுக்குகிறவளை யாராவது திருடி என்பார்களா?

இந்த ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பேராசிரியையை எல்லாரும் மேடம் என்போம். நல்லவர், நெஞ்சில் கள்ளம் கிடையாது. அவர் பன்னிரண்டு வருடமாக ஒரே யோசனையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் துக்கத்தை ஒதுக்கி வைக்காமல், தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்து, இழந்த அந்த நாளைப் பற்றியே ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். ஆறு வாரம் எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. நூற்றிருபது பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் அந்த நாளைப் பற்றி எழுதினார்கள். மீதிப் பாதி வானிலை, பேருந்து, வீட்டுச் சாமான் என்று சப்பென்ற விஷயங்களை எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால் பயிற்சி உதவுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு புதன்கிழமை காலையும் எல்லாரும் போனிலேயே நாற்பது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பதாவது கேள்வி, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்பது. பூஜ்யம் என்றால் தோன்றவே இல்லை, மூன்று என்றால் எந்நேரமும் தோன்றுகிறது. அதில் மூன்று போட்டவர்களுக்கு மறுநாளே எங்கள் ஆலோசகர் போன் செய்து பேசுவார். சேரும்போது எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய தாளில் அந்த வாக்குறுதி தடித்த எழுத்தில் இருந்தது. ‘மனம் மிகவும் சோர்ந்தால் நாங்களே ஒரு நாளுக்குள் உங்களை அழைப்போம்.’ தடித்த எழுத்தில் போடலாம் என்று சொன்னவனே நான்தான்.

அந்த ஆலோசகரை நாங்கள் போன் அம்மா என்போம். வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவருடைய கணினியில் அன்றைக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் தானாக வந்து நிற்கும். நாலு பேர், ஐந்து பேர் என்று இருக்கும். போனை எடுத்தால் ஒருவருக்கு ஒரு மணி நேரம் பேசுவார். பேசி முடித்துவிட்டு அடுத்த வாரம் பார்த்தால் அந்த ஆள் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருப்பார். மேடத்தின் பயிற்சியைவிடப் போன் அம்மாவின் குரல்தான் அதிகம் வேலை செய்கிறது என்று நான் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை.

முதலில் அந்தப் பட்டியல், வந்தது வந்தபடி இருக்கும் மூலக் கோப்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது வாரம் போன் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். "ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை போன் பண்ண வைக்கிறீங்க. இன்னொருத்தர் கை தவறி மூணை அழுத்திட்டாராம், என்னையே கேலி பண்ணி அனுப்புறார்" என்றார். நியாயமான கோபம். அதனால் நான் உட்கார்ந்து, இனிமேல் பட்டியல் சுத்தமான கோப்பிலிருந்து வரட்டும் என்று மாற்றி எழுதினேன். சுத்தமான கோப்பு என்றால் நான் சலித்த பிறகு மிஞ்சுவது. சுத்தமான கோப்பில் இல்லாத ஆள், பட்டியலிலும் இருக்க மாட்டார். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் இரண்டு முறை கோடு போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள், சரியான இடம்தான்.

அக்காவும் இந்த ஆய்வில் இருந்தாள். அத்தான் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தனியாகத்தான் இருந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் முப்பது வருடம் இருந்தவள் அவள். நாளைக்கு உங்களுக்குப் பத்து மணிக்கு நேரம் என்று ஊரில் இருக்கிற சொத்தைப் பல்லுக்கெல்லாம் போன் செய்து நினைவூட்டியவள். அத்தான் போன பிறகு பேச்சு குறைந்துபோயிற்று. ஒரு நாள் நான் மறந்து வைத்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்கத் துறைக்கு வந்தாள். சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தாள். என்னிடம் சொல்லாமலே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். ஊழியர்களின் உறவினர்கள் சேரக்கூடாது என்று விதி இருக்கிறது. மாலையில் போன் செய்து, "எனக்கு நாப்பத்தேழுன்னு நம்பர் குடுத்திருக்காங்கடா, ராசியான நம்பர்தானே?" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு துள்ளல். எனக்கு விதியை எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை. அது தவறு, அந்தத் தவறை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

அவளுடைய பதில்களைப் படிப்பது எனக்கு வாரம் ஒரு பொழுதுபோக்கு. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. சுத்தம் செய்ய உட்கார்ந்தால் முதலில் அழிப்பது அந்த வரிசையைத்தான், ஏனென்றால் சொற்களைக் கூட்ட முடியாது. நாற்பத்தேழாம் எண் அங்கே எழுதியிருக்கும்: ‘இதே கேள்வியைப் போன வாரமும் கேட்டீர்கள், பதிலை எங்கேயாவது தொலைத்துவிட்டீர்களா?’ மூன்றாவது வாரம்வரை இப்படி ஏதாவது இருந்தது. நாலாவது வாரம் கட்டம் காலியாக இருந்தது.

அந்த நாலாவது வாரப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

ஆறு வாரம் முடிந்த பிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஆனால் ஒரு பெரிய மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். மதியம் மேடம் என் அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றார். "சும்மா ஒரு பார்வை பாருங்களேன், எந்தப் பக்கம் போகுதுன்னு" என்றார். போகும்போது திரும்பி, "இந்தத் தடவை உங்க பேரையும் கட்டுரையாளர் வரிசையிலயே போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அறுபது கட்டுரை என் கையால் தேறியிருக்கிறது. அறுபதிலும் என் பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியலில், டீ கொண்டுவந்து கொடுத்தவருக்கு அடுத்தபடியாக இருக்கும். ஒன்றில் எழுத்துப் பிழையோடு இருந்தது. மேடம் சொன்னதைக் கேட்டு எனக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டியிருந்தது.

ஒரு மணிக்குக் கணக்குப் போட்டேன். எங்கள் தொழிலில் ஒரு கோடு உண்டு. வந்திருக்கிற வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே என்றால் கைதட்டுவோம், மாநாட்டுக்குப் போவோம். ஐந்துக்கு மேலே என்றால் அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். எனக்கு வந்தது முப்பத்தொன்று. பன்னிரண்டு வருட உழைப்பு முப்பத்தொன்றில் உட்கார்ந்திருந்தது.

ஏன் என்று பார்த்தேன். பயிற்சி செய்தவர்களில் பெரும்பாலோர் கொஞ்சம் தேறியிருந்தார்கள். பதினொரு பேர் மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தார்கள், அதுவும் மளமளவென்று. தினமும் அந்த நாளையே எழுதி எழுதி அதிலிருந்து வெளியே வர முடியாமல் போனவர்கள் என்று இப்போது மேடம் சொல்கிறார். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கூட்டத்தோடு சேராத பதினொரு புள்ளிகள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோறு வேகாததாக அகப்பட்டுவிட்டால் பானையையே கவிழ்த்துவிடுவதா?

ஆகவே நியாயமான விதிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் எழுதாமல் இடையில் ஒரு நாள் விட்டவர்கள் வேண்டாம். முப்பத்தொன்று இருபத்திரண்டு ஆனது. ஒரே பதிலைத் தொடர்ந்து ஏழு முறை போட்டவர்கள் வேண்டாம். பதினான்கு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள் கவனம் சிதறியவர்கள், அவர்களும் வேண்டாம். ஒன்பது. மூன்றே முக்கால் நிமிடத்துக்குள் முடித்தவர்கள் படிக்காமலே அழுத்தியவர்கள். ஐந்து புள்ளி நான்கு. ஒவ்வொரு விதியையும் ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார், நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். நான் மறைக்கவில்லை. சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதி வைத்தேன்.

மேடத்துக்கு இரண்டு கோடுகள் பிரிந்து போகிற படம் வேண்டும். ஐந்து புள்ளி நான்கில் கோடுகள் பிரிந்துவிட்டன, ஆனால் கைதட்டல் கிடைக்காது. மீதி இருந்தது ஒருவர்தான், எண்பத்து மூன்று. தொழில் தையல், வயது அறுபத்து நான்கு, இழந்தது மனைவியை. ஒரு நாளும் விடவில்லை. பதில்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு. மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் முடித்திருந்தார், அவருக்கு எல்லாமே கச்சிதம். நான் மூன்றே முக்காலை நான்கு நிமிடமாக மாற்றினேன். முழு எண், பார்க்கவும் அழகு. நான்கு புள்ளி ஒன்று.

நான்கு நிமிடத்துக்குள் முடித்த இன்னும் மூன்று பேர் இருந்தார்களே, அவர்களை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று டாக்டர் கேட்கிறார். அவர்கள் தேறியவர்கள், டாக்டர். மனம் லேசானவர்களுக்குக் கைவேகம் இயல்பாகவே கூடிவிடும் என்று ஓரத்தில் குறித்து வைத்தேன்.

மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குச் சுத்தமான கோப்பைச் சேமித்தேன். அந்த நேரம் உங்களிடமும் இருக்கிறது. மேடத்துக்குப் படத்தை அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது, எட்டு நன்றிகள். நான் எண்ணினேன்.

அன்று காலை அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் ஒன்பதாவது கேள்விக்கு மூன்று போட்டிருந்தார்கள். தையல்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு நர்ஸ், பிறகு நாற்பத்தேழு. அக்காவைப் பொறுத்தவரை நான் விதியைத்தான் காப்பாற்றினேன் என்பதைக் கவனிக்க வேண்டும். உறவினர் என்பதால் அவள் அங்கே இருந்திருக்கவே கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் என்பது கோப்பில் எழுதிய காரணம். பத்தொன்பது நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தாள், எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்கிறவள் அல்ல.

வியாழன் காலை போன் அம்மாவின் பட்டியல் காலியாக வந்தது. மற்றவர்களில் யாரும் மூன்று போடவில்லை. அவர் என் அறைக்கு வந்தார்.

"என்னங்க, இந்த வாரம் ஒரு பேர்கூட இல்ல? எல்லாருக்கும் சரியாயிடுச்சா?"

"பயிற்சி வேலை செய்யுது போல" என்றேன்.

"கண்ணு பட்டுடப் போகுது" என்று சிரித்தார். பிறகு, "எதுக்கும் ஃபைல் சரியா வந்திருக்கான்னு ஒருதரம் பார்த்துடுங்களேன்" என்றார்.

"பார்த்துட்டேன், சரியாத்தான் வந்திருக்கு."

அது பொய் இல்லை. காலியாக வந்தாலும் கோப்பு சரியாக வந்திருந்தது. அவர் அன்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். வேலை இல்லாத நாளில் அவரை அப்படி நிம்மதியாகப் பார்க்க நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பெண் துறைக்கு வந்தார். தையல்காரரின் மருமகள். சத்தம் போடுவார் என்று வாசலில் இருந்த காவலாளிக்குப் பயம். அவர் சத்தம் போடவில்லை, கையில் ஒரு துணிப்பையோடு என் எதிரில் உட்கார்ந்தார். மேடம் மாநாட்டு வேலையாக வெளியே போயிருந்தார், அதனால் என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். போன் எத்தனை மணிக்கு வரும்னு மாமாகிட்ட சொல்லியிருந்தீங்களா?"

"குறிப்பிட்ட நேரம்னு ஒண்ணும் கிடையாதும்மா."

"இல்ல, வியாழக்கிழமை பூரா மெஷின் பக்கத்துலயே போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். குளிக்கப் போகும்போதுகூட என்கிட்ட குடுத்துட்டு, அடிச்சா கதவைத் தட்டும்மான்னார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நாங்க ஒருவேளை எடுக்காம விட்டுட்டோமோன்னு வீட்டுக்காரர் அழுதுட்டே இருக்கார். நாங்கதான் விட்டுட்டோமான்னு தெரிஞ்சாப் போதும்."

நான் அவரிடம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். மாமனார் நாலு வாரம் எழுதியது, உங்களுக்கு வேண்டியிருக்கும் என்றார். கையெழுத்து நூல் பிடித்தது போல நேராக இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. உங்கள் மேசையில் இருப்பது அதே நோட்டுதான். அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் அவரைப் பார்த்தால், போன் வரவேயில்லை, அவர்கள் எடுக்காமல் விடவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. என்னைக் கல் நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். தபால்காரர் மருத்துவமனையிலிருந்து திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு நிம்மதியானேன். நர்ஸ் தாய் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தார். ஆக நான்கு பேரில் ஒருவர். நூற்றிருபது பேர் கணக்கில் பார்த்தால் அது ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் இந்த இடத்தில் அப்படிச் சொல்வது அழகல்ல என்பது எனக்கும் தெரியும்.

நீங்கள் என்னைப் பிடித்த விதத்தைப் பாராட்ட வேண்டும். பயிற்சி செய்தவர்களுக்கு எல்லாம் ஒற்றைப்படை எண், மற்றவர்களுக்கு இரட்டைப்படை. கணக்குப் போடுகிறவனுக்கு அது தெரியக்கூடாது, தெரிந்தால் கை ஒரு பக்கமாகச் சாயும். எனக்கு அது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது, அக்காவுக்கு எண் நாற்பத்தேழு, அவள் அத்தான் போன நாளை எழுதுகிறாள் என்பது போதுமே. நான் நீக்கிய பதினொன்றும் ஒற்றைப்படை. காசைச் சுண்டினால் பதினொரு முறை தொடர்ந்து தலை விழுகிற மாதிரி. இரண்டாயிரத்தில் ஒருமுறை நடக்கும். டாக்டர் அதை ஒரு தாளில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டியபோது எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது. என் மாணவராக இருந்திருந்தால் முழு மதிப்பெண்.

ஆகவே விதிகளை வளைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே எட்டிப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். கோட்டை நகர்த்தினேன், பெயருக்கு ஆசைப்பட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலை போகும். போகட்டும். சல்லடை இல்லாமல் அவர்கள் எத்தனை நாள் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

ஆனால் தெரிந்து ஒருவரைச் சாகவிட்டேன் என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. பட்டியல் சுத்தமான கோப்பிலிருந்து வருகிறது என்பது அந்தப் புதன்கிழமை என் நினைவிலேயே இல்லை. ஆம், நான்தான் அப்படி எழுதினேன். எழுதி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியாதவன் நான், வீட்டில் கேட்டுப் பாருங்கள். கோப்பு ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இருந்த கயிறு மறந்துபோயிற்று. அவர்கள் எனக்கு வெறும் எண்கள். நீக்கினால் போன் போகாது என்று ஒரு கணம் தோன்றியிருந்தால்கூட என் கை ஓடியிருக்காது. யானைக்கும் அடி சறுக்கும், நான் யானைகூட இல்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன், மேடமும் நம்புகிறார், என் மனைவியும் நம்புகிறாள். நானும் ஏழு மாதமாக நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், டீ முடியப் போகிறது.

அக்காவா? அக்கா எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று கேட்கிறீர்களா? அதில் என்ன இருக்கிறது, சொல்கிறேன். அதே புதன்கிழமைதான். நாலே கால் மணிக்குத் துறையிலிருந்து கிளம்பி வாடகைக் கார் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. கூடப்பிறந்தவளைப் பார்க்கப் போவதற்குக் காரணம் வேண்டுமா? கதவைத் திறந்தவள் காலையில் கட்டிய சேலையோடுகூட இல்லை, முந்தின நாள் கட்டியது. சமையலறையில் அடுப்பு பற்றவைத்த அடையாளம் இல்லை. துணிமணியை நானே பெட்டியில் எடுத்து வைத்தேன். கொஞ்ச நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போ என்றேன். அவள் மறுக்கவில்லை, மறுக்கிற தெம்பு இல்லை. வந்த முதல் மூன்று வாரம் நானும் என் மனைவியும் முறை வைத்து அவள் பக்கத்தில் இருந்தோம். இன்று பாருங்கள், டீத்தூள் டப்பாவை ஒளித்து வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

கிளம்பும்போது ஏதாவது பேசினோமா என்றா? பேசினோம். கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டப் போனேன். அவள் உள்ளேயே நின்றுகொண்டு கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"சார்ஜர் உள்ளே இருக்குடா தம்பி, எடுத்துட்டு வந்துடறேன். காலைல மூணு போட்டிருக்கேன், நாளைக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிடறேன்னு சொன்னா கூப்பிட்டுடுவாங்க, நான் முப்பது வருஷம் பண்ணின வேலையாச்சே."

"வேண்டாம்க்கா" என்றேன். "நாளைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க."